சவேரியம்மாளின் வாய்

ஈக்கள் ஒன்றும் புதிதில்லை. ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணைகளை வைத்துக்கொண்டு ஈயைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் கல்லாங்காட்டுப்புதூரில் கிடையாது. ஒரு கையால் தட்டை மூடிக்கொண்டு மறு கையால் சாப்பிட இங்கே பிள்ளைகள் பேச்சு வருவதற்கு முன்பே பழகிவிடும். அந்தப் புதன்கிழமை காலையில் சமையலறை ஜன்னலில் நின்று சௌந்திரம் முகம் சுளித்தது ஈக்களுக்காக அல்ல. அவை உட்கார்ந்திருந்த இடத்துக்காக.

மதிலுக்கு அந்தப் பக்கம், மாதா கோயில் வளாகத்தில், சவேரியம்மாள் சிலை தலை முதல் கால் வரை ஈரச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டி நின்றது. புதுச் சாந்து வெடிக்காமல் இருக்க ஒரு வாரம் அப்படித்தான் மூடி வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பார்கள். அது மூன்றாம் நாள். தோளில் ஈ இல்லை. வயிற்றில் இல்லை. முகத்தில், சாக்குக்குப் பின்னால் வாய் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், ஓர் உளுந்துவடை அளவுக்குக் கறுப்பாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மொய்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கறுப்பு வட்டத்தின் நடுவில் சாக்கு லேசாக உள்ளே குழிந்தது. பிறகு மெல்ல எழும்பியது. மறுபடி குழிந்தது.

காத்து, என்று சௌந்திரம் சொல்லிக்கொண்டாள். வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

சௌந்திரத்தைப் பற்றி ஊரில் யாரும் தப்பாகப் பேசுவதில்லை. பேசும் வேலையை அவள் பிறருக்கு விட்டுவைத்ததில்லை. ஐம்பத்தெட்டு வயது, கணவன் போய் ஆறு வருஷம். அந்த ஜன்னல்தான் அவளுக்குத் தொலைக்காட்சி. யார் பாவசங்கீர்த்தனத்துக்கு எத்தனை நேரம் முட்டி போட்டார்கள், புதுச் சாமியாருக்கு எந்த வீட்டிலிருந்து மீன் குழம்பு போகிறது, எந்த வீட்டுப் பெண் மாதா கெபிக்குப் பின்னால் நின்று போனில் யாரிடம் சிரிக்கிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை தானே ஒரு ரகசியம் செய்துவிட்டு மூன்று நாளாக யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தாள் என்றால், அவளை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

கோயிலின் வழக்கம் இதுதான். திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு, சாந்து ஞாயிறு. அன்று ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சட்டியில் தாங்களே சாந்து குழைத்துக் கொண்டுவருவார்கள். ஊறிய சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு. கொத்தனாரோ கரண்டியோ கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சிலையில் ஓர் இடம் உண்டு. அங்கே அந்த வீட்டுப் பெண் வெறுங்கையால் ஒரு கை சாந்து அப்பித் தடவிவிட்டுப் போவாள். நூறு வருஷமாக இப்படி அப்பி அப்பி அம்மாள் நன்றாகவே பருத்துவிட்டாள். கழுத்து என்று தனியாக எதுவும் இல்லை. விரல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. முகம், பிடித்துவைத்த கொழுக்கட்டை. பீடத்தில் மட்டும் எழுத்து இன்னும் தெளிவாக இருந்தது: ‘கொள்ளைநோயில் ஊரார் தாகம் தீர்த்த சவேரியம்மாள்.’

சௌந்திரத்தின் வீட்டுக்கு வாய். மாமியார் அப்பினாள், அதற்கு முன் அவள் மாமியார். இந்த நூறாவது வருஷத்துக்கு ஆயரே வருகிறார் என்பதால், பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கும் மகன் தமிழரசு பெரிய முட்டையாகப் பொறுக்கி ஓர் அட்டை கொண்டுவந்து வைத்திருந்தான். சௌந்திரம் அதை அப்படியே நாமகிரிப்பேட்டைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நம் பவிசும் அவர்களுக்குத் தெரியவேண்டாமா? சாந்துக்கு, பின்கட்டில் பத்து நாளாகக் கிடந்த உடைசல் முட்டைகள் இருந்தன. சித்திரை வெயிலில் பத்து நாள். முதல் முட்டையை உடைத்தபோது பச்சையும் கறுப்புமாக ஒன்று, சளியைப் போல நூலிழுத்துக்கொண்டு, சட்டியில் விழாமல் ஓட்டிலேயே தொங்கியது. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, விரலால் அதை வழித்துவிட்டாள். பிறகு பன்னீர் ஒரு பாட்டில் முழுக்க ஊற்றிக் குழைத்தாள்.

“பூசறதுக்குத்தான. அவ திங்கவா போறா?” என்று மருமகளிடம் சொன்னாள்.

பிரவீனா காலிப் பன்னீர் பாட்டிலை எடுத்துப்போய்க் கழுவினாள். அவள் அதிகம் பேசாத பெண். அதை ஒரு குறையாகவே சௌந்திரம் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தப் புதன்கிழமை குழாயடியில் வலது பக்கத்து வீட்டு ராஜம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

“ஏனுங் சௌந்திரக்கா, உங்கூட்டுப் பக்கம் என்னமோ செத்துக் கெடக்குதாட்ட நாறுது?”

“என்றூட்ல ஒண்ணுஞ் சாவுல. உன்ற மூக்குக்குள்ளதான் என்னமோ செத்துக் கெடக்குது.”

“இருக்குமுங்க, இருக்கும்.” ராஜம்மாள் சிரித்தாள். “வாயி காஞ்சுருச்சுங்களா? எங்கூட்டுக் கை நேத்தே கல்லாட்ட ஆயிருச்சு. சாக்குக்குள்ள உட்டுத் தொட்டுப் பாத்தேன்.”

“காயும், காயும். நீ ஏன் பறக்கற?”

“காயோணுமுங்க அக்கா. எங்கூட்டுக்கு ஏன் வலது கைன்னு எங்க மாமியா ஒருக்கா சொல்லுச்சு. அந்தக் கையிலதான் எங்க கதவத் தட்டுனாளாமா.”

“கஞ்சி குடுக்கத் தட்டியிருப்பா.”

“கஞ்சி குடுத்தது எட்டு நாளுங்க. ஒம்பதாம் நாளு அவளுக்கே பேதி. தண்ணி கேட்டுத் தட்டியிருக்கறா. ஊர்ல ஒருத்தருந் தொறக்குல. காளியாத்தா ஊட்டு வாசல்ல மண்டி போட்டாளாமா, அவிங்குளுக்கு முழங்காலு. உபதேசியாரு செல்லமுத்து ஊட்டுச் சன்னல்ல எட்டிப் பாத்தாளாமா, அவிங்குளுக்குக் கண்ணு.”

“அப்ப எங்கூட்டுக்கு?”

“கெணறு உங்கூட்லதானுங்க இருந்துச்சு.” ராஜம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “கடைசியா இங்க வந்துதான் நின்னுக்கிட்டுக் கத்துனாளாமா. பொணத்து மேல கொட்ட ஊறவெச்ச சுண்ணாம்பு அங்கயே இருந்துருக்குது. ஆளுக்கு ஒரு கை. ஒருத்தரு மேலயும் பழி வரக்கூடாது பாருங்க. உங்கூட்டாளுக வாயி.”

“செத்ததுக்கு அப்பறமா?”

“செத்தவ எங்கீங்கக்கா கத்துவா?”

இந்தக் கதையை மட்டும் யாரும் தனக்குச் சொல்லாமல் விட்டார்களே என்று சௌந்திரத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தாள். முதல் வாயில் சுண்ணாம்பு கரித்தது. துப்பிவிட்டு ரசத்தைக் குடித்தாள். அதன் அடியில் ஊளை முட்டை வாடை வீசியது. பிரவீனா அதே ரசத்தை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் கோயில் உபதேசியார் செல்லமுத்து சாக்குக்குத் தண்ணீர் தெளிக்க வந்ததை ஜன்னலில் நின்று பார்த்தாள். தலை, தோள், மார்பு எல்லாம் தெளித்தார். முகத்தருகே வந்ததும் சொம்பைச் சாய்த்தபடி அப்படியே நின்றார். சொம்பு காலியாகும்வரை தண்ணீர் சாக்கின் நடுவில் விழுந்தது. கீழே சொட்டவே இல்லை. செல்லமுத்து குனிந்து, காய்ந்த பீடத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி நேராக அவள் ஜன்னலைப் பார்த்தார்.

சௌந்திரம் சட்டென்று திரையை இழுத்துவிட்டாள். அந்த ஜன்னலுக்குத் திரை இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாக்கை அவிழ்ப்பார்கள். ஒன்பது மணிப் பூசைக்கு ஆயர். அதற்குள் வாய் இறுகியாகவேண்டும். இல்லையென்றால் சௌந்திரத்தின் சட்டிதான் கெட்டது என்று ஊரே கூடி நின்று மூக்கைப் பொத்தும். இத்தனை வருஷம் அவள் யாரையெல்லாம் பார்த்து மூக்கைப் பொத்தினாளோ, அவர்கள் எல்லாரும்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போனாள். அந்த நேரத்தில் வளாகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது ஊரில் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? கடையில் வாங்கிய நல்ல முட்டை, புதுச் சுண்ணாம்பு, சட்டி நிறையச் சாந்து. சங்ககிரி ரோட்டில் லாரிகள் போகும் இரைச்சல் தூரத்தில் கேட்டது. கோயில் சுவரிலிருந்து வெக்கை அடுப்பைப் போல எழும்பியது. சிலையை நெருங்க நெருங்க அந்த நாற்றம், முட்டை மட்டும் அல்ல, நாள்பட்ட நோயாளியின் வாயிலிருந்து காலையில் வருமே, இனிப்பும் புளிப்புமாக, அந்த நாற்றம், ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் அவள் முகத்தில் வந்து வந்து மோதியது. விட்டு விட்டு. சீராக.

சாக்கை விலக்கினாள். ஈக்கள் எழுந்து அவள் கண்ணிலும் உதட்டிலும் உட்கார்ந்தன.

அவள் அப்பிய சாந்து கீழே விழுந்திருக்கவில்லை. உள்ளே போயிருந்தது. ஒரு முட்டை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் மஞ்சளாகக் கசிந்து, பளபளவென்று, ஆறாத புண்ணைப் போல. நூறு வருஷச் சாந்து வளையம் வளையமாகத் தெரிந்தது. ஒவ்வொரு வளையமும் ஒரு மாமியார்.

ஒரு கை அள்ளி ஓட்டையில் திணித்தாள். உள்ளே போயிற்று. இன்னொரு கை. அதுவும் போயிற்று. எங்கோ அடியில் விழும் சத்தம் இல்லை; வழுக்கிக்கொண்டு இறங்கும் சத்தம். மடக்கென்று. மூன்றாவது கை. நான்காவது. மடக். மடக். சட்டி முழுதும் காலியாயிற்று. அடியில் ஒட்டியிருந்த வெள்ளைக்கருவை வழித்து, உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தி, விரல்களை உள்ளே விட்டு அழுத்தினாள்.

உள்ளே ஏதோ அவள் விரல்களை நக்கியது.

சொரசொரப்பாக. சூடாக. விரல் இடுக்கு ஒவ்வொன்றாக, பொறுமையாக, ஒரு துளி விடாமல்.

சட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். குழாயடியில் கையைத் தேய்த்தாள். சோப்பு, புளி, சாம்பல், மண்ணெண்ணெய். வலது கை மணிக்கட்டுவரை வெள்ளையாகவே இருந்தது. மாலைக்குள் அது இறுக ஆரம்பித்தது. விரலை மடக்கினால் தோலில் மெல்லிய விரிசல் ஓடியது. விரிசலில் ரத்தம் வரவில்லை. மஞ்சளாக ஒன்று கசிந்தது. முகர்ந்து பார்க்கவேண்டியிருக்கவில்லை.

“கையில என்னாச்சுங்கத்தை?”

“சுண்ணாம்பு. சுட்டுருச்சு.”

“சட்டி ஒண்ணு சிலைகிட்டக் கெடந்துச்சுன்னு உபதேசியாரு குடுத்துட்டுப் போனாருங்க. நம்ம சட்டி.” பிரவீனா அதைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தாள். “உங்குளுக்கு ஒடம்பு முடியாட்டி அடுத்த வருசத்துக்கு நானே போடோணுமாம். எப்புடி அப்பறதுன்னு பழகிக்கச் சொன்னாருங்க.”

“நீ என்னம்மிணி சொன்ன?”

“செரீங்கன்னேன்.”

சனிக்கிழமை முழுவதும் ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்தினாலும் கேட்டது. மதிய வெயிலில், ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து. முதலில் மூச்சு. பிறகு தொண்டையில் ஏதோ சிக்கி, அதைக் காறி விலக்கும் சத்தம். காறிக்கொண்டே இருந்தது. சௌந்திரம் எழுந்து ஓடினாள். வாஷ்பேசினில் குனிந்தபோது அவள் தொண்டையிலிருந்து விழுந்தது வெள்ளையாக, கட்டியாக, கரகரவென்றிருந்தது. அதில் ஒரு துண்டு ஓடு.

பிறகு அந்தக் குரல். ஈரச் சாந்தைப் பிசையும்போது வரும் சத்தம் வார்த்தையானால் எப்படி இருக்குமோ, அப்படி.

“தண்ணி.”

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. பக்கத்து அறையில் பிரவீனா டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். தெருவில் ஒரு வீட்டில் மிக்சி ஓடியது. எதிர்வீட்டில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு வீடாக ஏதோ ஒரு சத்தம் எழும்பி, ஊர் முழுக்க இரைந்தது. அப்போதுதான் சௌந்திரத்துக்குப் புரிந்தது. எல்லாருக்கும் கேட்கிறது.

தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுபோய் ஊற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தாள் என்பதைச் சொல்லிவிடவேண்டும். பிறகு, யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வார்கள் என்றும் நினைத்தாள்.

ஞாயிறு ஐந்தரைக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பினாள். கொஞ்சமாகச் சாந்து, நிறையத் துணி. முதலில் துணியை உருட்டித் திணித்து அடைத்துவிடுவது, மேலே சாந்தை மெழுகிவிடுவது. ஆயர் பார்த்துவிட்டுப் போகும்வரை நின்றால் போதும். அதற்குப் பிறகு யார் பார்க்கப்போகிறார்கள்?

சாக்கை விலக்கினாள். ஓட்டை இப்போது ஒரு கை நுழையும் அளவு.

துணியை உள்ளே தள்ளினாள். போதவில்லை. இன்னும் தள்ளினாள். முழங்கை வரை.

ஓட்டை மூடிக்கொண்டது.

கடிக்கவில்லை. பல் இல்லை. ஈறு. வழவழவென்று, கதகதவென்று, குழந்தை மார்பைக் கவ்வுவதைப் போல இறுகக் கவ்வி, உறிஞ்சியது. அவள் இழுத்தாள். அது உறிஞ்சியது. கத்தலாம். கத்தினால் ஆள் வரும். ஆள் வந்தால் பார்ப்பார்கள். அந்த நிலையிலும் அவளுக்கு அதுதான் தோன்றியது.

மணி அடித்தது. ஆறு.

வந்தார்கள். புதுப்புடவை, மல்லிகைப்பூ, சலவைச் சட்டை. சாமியார் ஆயரை வரவேற்கச் சங்ககிரிக்குப் போயிருந்தார். செல்லமுத்து கயிறுகளை அவிழ்த்தார். ஈரச் சாக்கு மொத்தமாகக் கீழே சரிந்தது. பெருத்து வெளுத்த அந்த உருவமும், அதன் வாய்க்குள் முழங்கைவரை கையை விட்டபடி சௌந்திரமும். யாரும் கூச்சல் போடவில்லை. மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

“என்னக் காப்பாத்துங்க,” என்றாள் சௌந்திரம். “இழுங்க. யாராச்சும் இழுங்க.”

செல்லமுத்து தலையைச் சொறிந்தார். வீட்டு விசேஷத்தில் சாப்பாடு தீர்ந்துபோனதைச் சொல்ல வந்தவரைப் போல இருந்தது அவர் முகம்.

“வாயி தொறந்துருச்சுங்கம்மா. மூடித்தான ஆகோணும். ஒம்பது மணிக்கு ஆயரு வந்துருவாரு.”

“என்ற கை உள்ள இருக்குதுங்க!”

“அதானுங்க யோசன. கைய உள்ள வெச்சு மூடறதுன்னா, பூசறத எந்த எடத்தோட நிறுத்தறதுங்க?”

அப்போதுதான் அவள் பார்த்தாள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சட்டி. சாந்து ஞாயிறு போன வாரமே முடிந்துவிட்டது. ஆனாலும் எல்லார் சட்டியிலும் புதுச் சாந்து.

காளியாத்தாள் முதலில் வந்தாள். குனிந்து, புடவையை நாசூக்காக ஒதுக்கி, சௌந்திரத்தின் முழங்காலில் ஒரு கை அப்பித் தடவினாள். குளிர்ந்திருந்தது. உடனே சுட்டது. அடுத்த வீட்டுக்காரி பாதத்தில். அதற்கடுத்தவள் இடுப்பில். ஒருத்திக்கு ஒரு கைதான்; போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினாள். வரிசை நகர்ந்தது. ராஜம்மாள் வந்து, சௌந்திரத்தின் வலது தோளிலிருந்து சிலையின் உதடுவரை நீளமாக மெழுகினாள். கட்டைவிரலால் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“ராஜம்மா. ராஜம்மா, நானு எப்பவாச்சும் உன்னயப் பத்தி...”

“பேசாதீங்கக்கா. சாந்து வெடிச்சுரும்.”

செல்லமுத்துவின் மனைவி சௌந்திரத்தின் கண்களைச் சாந்தால் மூடினாள். இரண்டு உள்ளங்கையாலும், மெதுவாக. இருட்டு. சுண்ணாம்பு எரிந்தது. சாந்துக்கு நடுவே ஒரு கீற்று மட்டும் விட்டுப்போயிருந்தது. அதில் மகன் தமிழரசு தெரிந்தான். இரண்டு கையிலும் ஒரு சட்டியை ஏந்திக்கொண்டு, அதற்குள்ளேயே பார்த்தபடி. பக்கத்தில் பிரவீனா, வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.

சௌந்திரம் வாயைத் திறந்தாள். கத்தினாள். இப்போது, கடைசியில், எல்லாரும் கேட்கும்படி. உள்ளே அவள் கையைக் கவ்வியிருந்தது மெல்ல உறிஞ்சுவதை நிறுத்தியது; உற்றுக் கேட்பதைப் போல.

பிரவீனா ஒரு கை அள்ளினாள். வெள்ளையாக, மிருதுவாக, வெண்ணெயைப் போலப் பளபளத்தது. அதில் எந்த வாடையும் இல்லை.

“இன்னைக்கு இட்ட முட்டைங்கத்தை,” என்றாள், வாயருகே கொண்டுவந்து. “நல்லாப் பாத்துப் பொறுக்குனேன்.”